ஒரு மிடறு சம்மதம்

போன மாதம் எங்கள் கூட்டுறவுத் துறையில் இப்போது ஆய்வாளராக இருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். சங்கங்களின் பேரவைக் கூட்டத் தீர்மானங்களை இனிமேல் கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டுமாம். ஏற்றும்போது 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற வரி தானாகவே வந்து விழுந்துவிடுகிறதாம். ஒரு சங்கத்தில் மூன்று பேர் எதிர்த்திருக்கிறார்கள், அந்த வரியை எடுக்க வழியில்லை, என்ன செய்யட்டும் மேடம் என்று கேட்டாள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. வண்டியூரில் மகன் வீட்டில் பேத்தியின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? துறையை ஒரு பாட்டம் திட்டிவிட்டு போனை வைத்தேன்.

அதிலிருந்து அவளும் அவளோடு வேலை பார்க்கும் பிள்ளைகளும் விடவில்லை. 'ஒருமனதாக' பற்றி உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் மேடம் என்று வாட்ஸ்அப்பில் தினமும் நச்சரிப்பு. சரி, எழுதுகிறேன். கூட்டுறவுத் துறையில் நான் போட்ட கையெழுத்துகளில் முக்கால்வாசி அந்த வார்த்தைக்குக் கீழேதான் இருக்கும். அதிலும் முக்கால்வாசி பொய். காலையில் பேரவை என்று கூப்பிடுவார்கள். நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். செயலாளர் வாய்க்குள்ளேயே எதையோ வாசிப்பார். டீயும் வடையும் வந்ததும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிடும். நிஜமாகவே ஒருமனதாக முடிவெடுத்த சங்கம் என் வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று என் உயிரை வாங்கிவிட்டது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரவையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிற வண்டியிலேயே தொற்றிக்கொண்டு மதுரைக்கு வந்து படித்தேன். பயிற்சி நிலையத்தில் கூட்டுறவு வரலாறு என்று ஒரு பாடம். ஸ்காட்லாந்தில் ஒரு பஞ்சாலை முதலாளி தன் ஆலையைச் சுற்றி மாதிரி ஊர் நடத்தினார், அது போதாதென்று கப்பலேறி அமெரிக்காவில் இன்னொரு ஊர் அமைத்தார், அங்கே பேசத் தெரிந்தவர்கள் நிறைய, உழத் தெரிந்தவர்கள் கொஞ்சம், சீக்கிரமே சண்டை போட்டுக் கலைந்தார்கள். பிரான்சில் ஒருவர் எல்லோரும் சேர்ந்து வாழ ஒரு மாளிகைக்கே கணக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பணம் தரும் புண்ணியவானுக்காக வீட்டிலேயே காத்திருந்தாராம். பிறகு இங்கிலாந்தில் சில நெசவாளிகள், பெரிய கனவெல்லாம் அப்புறம் பார்ப்போம் என்று, கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் விற்கும் கடை ஒன்றைப் போட்டார்கள். அது ஓடியது. லண்டனில் படித்த கனவான்கள் சிலர், புரட்சியெல்லாம் வேண்டாம், தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாகப் பொதுவாக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் எல்லாம் பொதுவாகிவிடும் என்றார்கள். இதையெல்லாம் பரீட்சைக்காக உருப்போட்டேன். பேரையூர்க் கரிசல் காட்டில் இந்த ஆட்களை எல்லாம் மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கும்போது, கூட்டுறவு சார்பதிவாளராக என்னை அந்தப் பக்கம் மாற்றினார்கள். எனக்கு மேலே இருந்த துணைப்பதிவாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். கெட்டவர் இல்லை, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் பேசும்போது கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார், தலையைத் தூக்க மாட்டார். நாம் முழுவதையும் சொல்லி முடித்ததும், "சரிம்மா, நீங்க சொல்றது ரொம்பச் சரி" என்பார். அடுத்த வாக்கியத்தில் நாம் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்யச் சொல்வார். எழுதி அனுப்பினால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்புவார். என்ன கேள்வி என்று அவருக்குத்தான் வெளிச்சம். அந்தக் கேள்விக்குறிகளுக்குப் பதில் எழுதியே எனக்கு ரத்த அழுத்தம் வந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அந்தத் துணைப்பதிவாளர்தான் என்னிடம் சொன்னார், பேரையூரைத் தாண்டி ஒரு கூட்டுப் பண்ணைச் சங்கம் இருக்கிறது, அங்கே பேரவைக் கூட்டம் என்றால் ஒரு நாள் முழுக்க ஆகும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள் என்று. கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சங்கத்தின் தலைவர் ஆறுமுகம். எழுபதைத் தாண்டியவர். இளவயதில் மதுரையில் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். சங்கம், கூட்டம், வேலைநிறுத்தம் என்று இருந்து வேலை போய் ஊருக்குத் திரும்பியவர். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து ஒரு பெரிய வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த மானாவாரிக் காட்டில், நிலமில்லாதவர்களைச் சேர்த்துக் கூட்டுப் பண்ணை ஆரம்பித்தார். நிலம் சங்கத்தின் பெயரில். எல்லோரும் சேர்ந்து உழுவது, சேர்ந்து விதைப்பது. பருத்தியைச் சங்கமே விற்கும், வீட்டில் சாப்பிடச் சோளத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும். கூலிக்கு வருகிறவர்களுக்குக் கூலி உண்டு, பங்கு கிடையாது. இந்த மாதிரிச் சங்கங்கள் எத்தனையோ தொடங்கிய வேகத்திலேயே காகிதத்தில் மட்டும் இருந்து செத்தன. இது ஒன்று பிழைத்துக் கிடந்தது.

பயிற்சி நிலையத்தில் நான் உருப்போட்டதை எல்லாம் அந்த மனிதர் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். தொழிற்சங்க ஆபீசில் கிடந்த புத்தகங்களில் படித்ததாம். அமெரிக்காவில் அந்த ஊர் ஏன் கலைந்தது தெரியுமா என்று கேட்டார். உழத் தெரியாததால் என்று பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"உழவு ஒரு வருசத்துல படிச்சுக்கலாம் தாயி. அங்க ஓட்டுப் போட்டாங்க. ஓட்டுப் போட்டா தோத்தவன் வீட்டுக்குப் போயி அன்னைக்கே தனி அடுப்பு மூட்டிருவான்."

அதனால் அவருடைய சங்கத்தில் கை தூக்குவது கிடையாது. அதற்குப் பதில் ஒரு பித்தளைச் செம்பு. விதை மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் முன்னால் தகரக் கொட்டகையில் நாற்பது சொச்சம் பேர் வட்டமாக உட்காருவார்கள். தீர்மானத்தைத் தலைவர் ஒரு தடவை சொல்வார். பேச வேண்டியதை எல்லோரும் பேசுவார்கள், அதற்கு நேரக் கணக்கே கிடையாது, ஒரே ஆள் மூன்று தடவை ஒன்றையே சொன்னாலும் கேட்க வேண்டும். பிறகு செம்பு நிறையத் தண்ணீர் மோந்து வட்டத்தில் விடுவார்கள். சம்மதம் என்றால் ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். சம்மதமில்லை என்றால் செம்பைத் தனக்கு முன்னால் தரையில் வைத்துவிட வேண்டும். செம்பு தரையில் உட்கார்ந்தால் அன்றைக்கு அந்தத் தீர்மானம் அவ்வளவுதான். தலைவர் கடைசியில்தான் குடிப்பார். அவரைப் பார்த்து மற்றவர்கள் குடிக்கக் கூடாதாம்.

இன்னொன்றும் உண்டு. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கூடாது, வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். கிழக்குத் தெரு, மேற்குத் தெரு, காலனி என்று மூன்று இடத்து ஆட்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். முதல் வருடம் இதற்காகவே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். தலைவர் யாரையும் கூப்பிடப் போகவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர வருடக்கணக்கில் ஆனது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. இதெல்லாம் கொரோனாவுக்கு முன்னால் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரைக்கும் சரி, நல்ல மனிதர், நல்ல வழக்கம். என்னைப் பைத்தியமாக்கியது மூன்றாவது விதி. செம்பை வைத்தவரிடம் ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. பழைய தொழிற்சங்கக் கூட்டங்களில் எதிர்த்துப் பேசியவனை எழுப்பி நிறுத்தி, ஏன், எதுக்கு, யார் சொல்லி என்று கேட்டுக் கேட்டே பணிய வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்பதே பாதி மிரட்டல் என்பது அவர் கட்சி. வைத்தவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு மாதமோ ஆறு வருடமோ, மனசு மாறுகிற வரைக்கும்.

நான் அங்கே இருந்தபோது ஒரு சித்திரையில் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று வந்தது. சங்கத்து நிலம் முழுவதையும் நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டார்கள். மழை சரியாகப் பெய்து பல வருடம் ஆகியிருந்தது. உறுப்பினர்களுக்கு வருடா வருடம் குத்தகைப் பங்கு வரும், வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. செல்வம் என்று ஒரு இளைஞன், அப்பா இறந்து அவருடைய இடத்தில் உறுப்பினர் ஆனவன், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பங்கு வந்தால் ஊரோடு வந்து மாவு மில் போட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம் என்று அவன் கணக்கு. வீடு வீடாகப் போய்ப் பேசினான். கிழவர்களே தலையாட்டினார்கள். தலைவரும் மறுக்கவில்லை. எல்லோரும் வேண்டும் என்றால் நான் யார் தடுக்க, பேரப்பிள்ளைகள் எங்கேயோ கிடந்து கஷ்டப்படுகிறார்கள் என்றார்.

வைகாசியில் பேரவை. நான் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போனேன். மதியம் தாண்டி மூன்று மணிக்குச் செம்பு கிளம்பியது. நன்றாகத்தான் போனது. பேச்சியம்மாள் கைக்கு வந்ததும் நின்றது. அறுபது வயசு இருக்கும், புருஷன் இல்லாதவர், வட்டத்தில் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டார். செம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். நாற்பது பேரும் அந்தச் செம்பையே பார்த்தோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, இன்னொரு நாள் கூடுவோம்" என்று தலைவர் எழுந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. அலுவலகம் போய்ச் சொன்னேன். துணைப்பதிவாளர் கையெழுத்தை நிறுத்தாமல் கேட்டார். சங்கத்தின் மரபு அது, கொஞ்சம் அவகாசம் கொடுப்போம் என்றேன். "சரிம்மா, நீங்க சொல்றது ரொம்பச் சரி" என்றார். "அடுத்த கூட்டத்துல கையைத் தூக்கச் சொல்லி எண்ணிட்டு வந்துருங்க. பெரும்பான்மை போதும், துணைவிதியில அப்படித்தான இருக்கு?"

இருந்தது. சட்டம் அவர் பக்கம்தான். செல்வத்தைக் கூப்பிட்டு, நீங்கள் இத்தனை பேர் கையெழுத்துப் போட்டு வாக்கெடுப்பு வேண்டும் என்று கொடுங்கள், ஒரு நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன். அவன்தானே அவசரக்காரன், குதித்துக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். என்னை ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவள் மாதிரி பார்த்தான். "செம்பு இல்லாமயா மேடம்? அது எப்படி? எங்கப்பா அதுல குடிச்சவரு" என்றான். அப்படியானால் அந்த அம்மாவிடம் போய் என்ன பிரச்சினை என்று கேளப்பா என்றேன். அதுவும் முடியாதாம், வழக்கமில்லையாம். அந்தப் பையனுக்கும் சேர்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

தலைவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். வாசலில் நின்றுகொண்டு, மழை குறைந்ததைச் சொன்னார். பிள்ளைகள் ஊரை விட்டுப் போவதைச் சொன்னார். அந்த லண்டன் கனவான்களைக் கூடச் சொன்னார், அவர்கள் காத்திருந்தது எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்று. பேச்சியம்மாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மகள் முத்துமாரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "யோசிங்க ஆத்தா, அவசரமில்ல, வாரேன்" என்று கிளம்பினார் தலைவர். கம்பெனிக்காரர்களுக்கு அவசரம் இருந்தது. விதைப்புக் காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். துணைப்பதிவாளரிடமிருந்து எனக்குக் கேள்விக்குறியாக வந்துகொண்டிருந்தது.

வரும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன். இவ்வளவு பேசுகிறீர்களே, ஒரே ஒரு வார்த்தை, ஏன் என்று கேட்டால் என்ன குறைந்துபோகும்? "கேட்டா வாயி திறப்பாங்க தாயி. ஆனா எனக்காகத் திறப்பாங்க" என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்ல முடியும்? நான் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் இல்லை, அவருடைய விதி எனக்கில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். ஆனி மாத வெயில். பேச்சியம்மாள் காட்டில் பருத்திமார் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார், அறுவடை முடிந்த செடிகள், அடுப்புக்கு ஆகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏம்மா வச்சீங்க என்று நேராகக் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை நாளாக இதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எம் மக வாழாம வந்து ஏழு வருசமாச்சு. வந்ததுலருந்து இந்தக் காட்டுலதேன் கிடக்குறா, கூலிக்கு. உறுப்பினர் ஆக்குங்கன்னு அப்பவே கேட்டோம். செம்பு சுத்துச்சு. அம்புட்டுப் பேரும் குடிச்சாங்க. கடைசியில வச்சுட்டாரு."

"யாரு?"

"தலைவருதேன். அவருக்கு மேல கடைசியில யாரு இருக்கா? நெலம் கம்பெனிக்குப் போச்சுன்னா எனக்குப் பங்கு வரும். கூலி வேலை போயிரும். செத்தவுக இடம் மகனுக்குத்தேன், கட்டிக் குடுத்த மகளுக்குக் கெடையாது. நான் கண்ண மூடிட்டா எம் மகளுக்கு இந்தக் காட்டுல என்ன இருக்கு?"

அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். ஏன் வைத்தீர்கள் என்று தலைவரிடம் கேட்கக் கூடாதே என்றார். அவர் கேட்கக் கூடாது, இவர் கேட்கக் கூடாது. ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏழு வருடமாக ஒரே காட்டில் நின்றிருக்கிறார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் நடந்தது அது. செம்பை வைத்தவர் பெயரை எழுதும் வழக்கமும் அங்கே இல்லாததால் எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

அங்கிருந்து நேராகக் கிட்டங்கிக்கு நடந்தேன். தலைவர் விதைச் சோளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முத்துமாரிக்கு நீங்கள்தான் வைத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார், கொஞ்சமும் தயங்காமல். வீட்டுக்கு ஒரு பங்கு என்பதுதான் சங்கத்தின் அஸ்திவாரமாம். தாயும் மகளும் ஒரே வீடு. ஒரு வீட்டுக்கு இரண்டு பங்கு என்று விட்டால், ஆள் பெருத்த வீடு நாளைக்குச் சங்கத்தையே எழுதி வாங்கிவிடும், பழையபடி பெரிய வீட்டுக்காரர், கூலிக்காரர் என்று ஆகிவிடும். நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். அவர் சொல்வது எதிலும் நியாயம் இல்லாமல் இருந்ததே இல்லை.

"நான் அந்தப் பிள்ளைக்கு எதிரா வைக்கல தாயி. கொள்கைக்காக வச்சேன்."

"செம்பைப் பார்த்தா அது தெரியுமா தலைவரே?" என்றேன். "ஏழு வருசமா அவ என்ன நெனச்சுக்கிட்டு இந்தக் காட்டுல குனிஞ்சிருப்பா?"

அவர் சோளத்தைக் கையால் பரத்திவிட்டுக்கொண்டே இருந்தார். நான் கோபத்தில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்து ஜீப்பில் ஏறினேன்.

ஆவணி கடைசியில் பேரவை கூடியது. தலைவரே இரண்டு தீர்மானம் வைத்தார். முதலில் முத்துமாரியை உறுப்பினராகச் சேர்ப்பது, பிறகு குத்தகை. விண்ணப்பித்தவள் என்பதால் முத்துமாரி வட்டத்துக்கு வெளியே கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றாள். முப்பத்தைந்து வயதுக்காரி, வெயிலில் கறுத்து, பார்த்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். செம்பு சுற்றியது. செல்வம் ஒன்றுக்கு இரண்டு மிடறு குடித்தான். எல்லோரையும் தாண்டிக் கடைசியில் தலைவர் கைக்கு வந்தது.

அவர் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. இரண்டு கையிலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சுக்குள் என்ன ஓடியதோ. அந்த ஒரு மிடறுக்கு அவர் வாழ்க்கை முழுக்கக் கட்டிக் காத்த கணக்கு ஒன்றைக் கலைக்க வேண்டும்.  அப்போது முத்துமாரி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். அந்தச் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் யாரிடமும் கேட்காததை.

"அன்னைக்கு ஏன் தலைவரே வச்சீங்க?"

சிலர் அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். தலைவர் கையைக் காட்டி அவர்களை அடக்கினார். வீட்டுக்கு ஒரு பங்கு என்பதை அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார், என்னிடம் சொன்னதையே. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்கு ஒண்ணுன்னா எனக்கு எந்த வீடு தலைவரே? கட்டிக் குடுத்த வீடு வேணாம்னுருச்சு. இது எங்க ஆத்தா வீடு. நான் எந்த வீட்டுக் கணக்குல வாரேன்?"

 பிரான்ஸ், ஸ்காட்லாந்து, லண்டன் எல்லாம் தெரிந்த மனிதர் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத நீ அப்பவே கேட்டிருக்கலாம் தாயி" என்றார். "கேக்க விட்டாத்தான" என்றாள் அவள். அவர் செம்பைத் தூக்கிக் குடித்தார். ஒரு மிடறு இல்லை, இருந்ததை முழுவதும் குடித்துவிட்டு மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வட்டத்தில் நகர்ந்து முத்துமாரிக்கு அவள் அம்மாவுக்கும் தலைவருக்கும் நடுவே இடம் விட்டார்கள்.  அப்பாடா, முடிந்தது, நாளைக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.

குத்தகைத் தீர்மானத்துக்குப் புதுத் தண்ணீர் மோந்து செம்பை விட்டார்கள். இந்த முறை யாரும் ஒன்றும் பேசவில்லை, பேசியதே போதும் என்று எல்லோருக்கும் இருந்தது. செம்பு வேகமாக வந்தது. பேச்சியம்மாள் குடித்தார், முகத்தில் அப்படியொரு நிம்மதி. மகளிடம் கொடுத்தார். தலைவருக்கு முன்னால் அவள்தான் மிச்சம்.

முத்துமாரி செம்பை வாங்கி, தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கையில் பிடித்து, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். பிறகு தரையில் வைத்துவிட்டாள்.

"அடிப் பாவி" என்று பேச்சியம்மாள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டான். எனக்கு எழுந்து போய் அவளை உலுக்கலாம் போல இருந்தது. யாருக்காக இத்தனை மாதம் அலைந்தோம்? யாருக்காகத் துணைப்பதிவாளரிடம் நான் கெட்ட பெயர் வாங்கினேன்? எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். இன்னொரு நாள் கூடுவோம் என்று எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழவில்லை. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏன் தாயி வச்ச?"

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில் அவளே மிரண்டுபோனாள். அழுதுவிடுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

"நேத்து வரைக்கும் அந்தக் காட்டுல கூலிக்குக் குனிஞ்சேன். இன்னைக்குத்தேன் என் காடுன்னு சொல்லிருக்கீங்க. ஒரு வெள்ளாமையாச்சும் என் காட்டுல பாத்துக்கிறேன் தலைவரே. அதுக்கப்புறம் குடுங்க யாருக்கு வேணா."

செல்வம்தான் முதலில் எழுந்தான். பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "எப்ப விதைக்கிறோம்?" என்று கேட்டான். குரலில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. திருப்பூருக்கு அவன் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

கம்பெனி விருதுநகர்ப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டது. துணைப்பதிவாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன், கடைசியில் அவள் சொன்னதையும் சேர்த்து. அன்றைக்கு மட்டும் கையெழுத்தை நிறுத்தித் தலையைத் தூக்கினார். "சரிம்மா" என்றார். வழக்கமான அந்த அடுத்த வாக்கியம் வரவில்லை.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து வெள்ளாமை அமோகமாக விளைந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. பெய்யவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் தூறியதோடு சரி. பருத்தி பாதிக்கு மேல் காய்ந்துபோனது. சோளம் மட்டும் ஏதோ தப்பித்து நின்றது. தை மாதம் பங்கு பிரித்த அன்றைக்கு வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்த நான் கிட்டங்கியில் இறங்கினேன். எல்லோருடைய மூட்டைகளையும் சங்கத்து டிராக்டரில் ஏற்றி வீடு வீடாக இறக்குவது வழக்கம். முத்துமாரி பங்குக்கு வந்தது ஒரு மூட்டைகூட முழுசாக இல்லை. அதை டிராக்டரில் ஏற்ற வந்தவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். சும்மாடு கட்டி, இரண்டு பேரைத் தூக்கிவிடச் சொல்லி, தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சந்து வழியாகப் போனால் அவள் வீடு பக்கம். அவள் கிழக்குத் தெருவுக்குள் நுழைந்து, மேற்குத் தெரு வழியாக, ஊரைச் சுற்றிப் போனாள். மெதுவாகத்தான் போனாள்.

இதற்காகவா நல்ல குத்தகையைக் கெடுத்தாய் என்று எனக்கு அன்றைக்கும் ஆத்திரம்தான், இன்றைக்கும் ஆத்திரம்தான். டிரைவர் ஜீப்பைக் கிளப்பி வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் ஏறவில்லை.